பாலைவனத்து நடுவில் சுடுதண்ணிக் கேணி: டல்ஹவுசி ஊற்றும் எங்கள் கிணறுகளும்

மார்கழியில் திருவெம்பாவைக்காக விடிய நாலரைக்கு எழும்பிக் கிணற்றடியில் குளித்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். வெளியில் பனி கொட்டும், பல்லு கிட்டும், ஆனால் முதல் வாளியைத் தலையில் ஊற்றினால் தண்ணீர் இளஞ்சூடாக இருக்கும். அதே கிணறு சித்திரை வெயிலில் குளிரும். கிணற்றுத் தண்ணீர் மாறுவதில்லை, வெளிக்காற்றுத்தான் மாறுகிறது. நிலத்துக்குக் கீழே சில மீற்றர் போனாலே மாரியும் கோடையும் அதிகம் எட்டாத ஒரு நிலையான வெப்பம் இருக்கிறது. அது ஏறத்தாழ அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலைதான், எங்கள் யாழ்ப்பாணத்தில் 28 பாகை செல்சியஸ் அளவில் வரும்.

போன வருடம் ஆடி மாதம் அவுஸ்திரேலியாவில் தங்கச்சி குடும்பத்தோடு டல்ஹவுசி ஊற்றுக்குப் போயிருந்தேன். அங்கே ஆடி என்றால் நடுக் குளிர்காலம். விடியப்புறம் கம்பளிச் சட்டையைக் கழற்ற மனம் வராத குளிரில், தண்ணீருக்கு மேலே ஆவி படர்ந்து நிற்க, படியில் இறங்கினபோது எனக்கு முதலில் வந்த நினைவு எங்கள் வீட்டுக் கிணற்றடிதான். ஆனால் இது 28 பாகை இல்லை, உடம்புச் சூட்டுக்குக் கிட்ட, 34 முதல் 38 பாகை வரை. "மாமா, அடியில நெருப்பு எரியுதோ?" என்று மருமகள் கேட்டாள். ஊருக்குத் திரும்பி வந்து படங்களைக் காட்டினபோது பெரியவர்களும் அதைத்தான் கேட்டார்கள், எரிமலை கிரிமலை ஏதும் பக்கத்தில் இருக்கோ என்று. இல்லை. அந்தக் கேள்விக்குச் சரியான பதிலைத் தேடிப்போனால் அது கடைசியில் எங்கள் யாழ்ப்பாணத்துக் கிணறுகளுக்கே வந்து சேருகிறது, அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். அடிலெயிட் நகரத்தில் இருந்து வடக்கே ஆயிரம் கிலோமீற்றருக்கும் மேலே, சிம்சன் பாலைவனத்தின் மேற்கு விளிம்பில், விட்ஜிரா தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. ஊட்நடட்டா என்ற சின்ன ஊர் வரைக்கும் போய், அங்கிருந்து இன்னும் 180 கிலோமீற்றர் அளவுக்குக் கல்லும் மண்ணுமான பாதை. நாலு சில்லும் இழுக்கிற வாகனம் இல்லாமல் யோசிக்கவே கூடாது. பாதை தகரக் கூரை மாதிரி அலையலையாக இருக்கும், ரயர்க் காற்றைக் குறைத்துக்கொண்டுதான் ஓட வேண்டும், இல்லாவிட்டால் வாகனத்தின் ஒவ்வொரு ஆணியும் கழன்று வரும் போல இருக்கும். இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டிய தூரம் செங்கல் நிறத்தில் உருண்டைக் கற்கள் பரவிய வெளி, மரம் இல்லை, நிழல் இல்லை. ஆண்டு முழுவதும் பெய்கிற மழை 200 மில்லிமீற்றருக்கும் குறைவு. எங்கள் ஊரில் ஒரு நல்ல கார்த்திகையில் இரண்டு மூன்று நாளில் கொட்டக்கூடிய மழை அவ்வளவுதான் அவர்களுக்கு வருடத்துக்கு.

கோடையில் போகவே வேண்டாம். பக்கத்தில் உள்ள சிம்சன் பாலைவனப் பூங்காவை டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வெயிலுக்காக மூடியே விடுகிறார்கள். பூங்காவுக்குள் போக முன்கூட்டியே அனுமதிச்சீட்டு எடுக்க வேண்டும். குடிதண்ணீரும் டீசலும் தேவைக்கு மேலே கொண்டு போக வேண்டும், கைத்தொலைபேசி வேலை செய்யாது. இதெல்லாம் போகிறவர்களுக்கு.

அப்படி ஒரு வெளியில், திடீரென்று பச்சையாக ஒரு மரக்கூட்டம் தெரியும், கிட்டப்போனால் மெலலூக்கா மரங்கள் சூழ்ந்த ஒரு பெரிய கேணி. எங்கள் கோயில் கேணிகள் எதையும்விடப் பெரிது. நடுவில் கால் நிலத்தில் எட்டாது. பிள்ளைகள் ரியூப்பில் மிதந்துகொண்டு திரிந்தார்கள். இது ஒரே ஒரு ஊற்றும் இல்லை, அந்த வட்டாரத்தில் நூற்றுக்கும் அதிகமான ஊற்றுகள் இருக்கின்றன, பலதைச் சுற்றி மேடு மேடாகச் சுண்ணாம்பு படிந்திருக்கிறது. ஆழத்தில் அழுத்தத்தில் இருக்கும்போது தண்ணீரில் கரைந்திருந்த காபனீரொட்சைட்டு மேலே வந்ததும் வெளியேறிவிடும், அதோடு கரைந்திருந்த சுண்ணாம்பும் கல்லாகப் படிந்துவிடும். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, யாழ்ப்பாணத்துக்காரருக்கு அதைச் சொல்லி விளங்கப்படுத்தத் தேவையில்லை.

டல்ஹவுசி என்ற பெயரைக் கேட்டதும் வரலாறு படித்தவர்களுக்கு இந்தியாவின் ஆளுநர் நாயகம் நினைவுக்கு வருவார். அதே குடும்பம்தான். 1870 அளவில் அடிலெயிட்டில் இருந்து டார்வினுக்குத் தந்திக்கம்பி இழுக்க அளவெடுத்துப் போனவர்களில் ஒருவரான ரிச்சர்ட் நக்கி, அப்போதைய தென் அவுஸ்திரேலிய ஆளுநரின் மனைவி ஈடித் பேர்கசன் அம்மையாரை நினைத்து வைத்த பெயர். அவர் டல்ஹவுசி பிரபுவின் மகள். அந்த நிலத்தின் சொந்தக்காரர் அவுஸ்திரேலியப் பழங்குடிகளான தென் அரேண்டா மக்களும் வங்கங்குரு மக்களும். அவர்களுக்கு இந்த ஊற்றுகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தெரியும், ஒவ்வொரு ஊற்றுக்கும் கதை உண்டு. வங்கங்குரு மக்கள் சிம்சன் பாலைவனத்து மணல்மேடுகளுக்கு நடுவிலேயே 'மிகிரி' என்ற ஒடுங்கிய ஆழக் கிணறுகளைத் தோண்டி வாழ்ந்தவர்கள். துலா போட்டுக் கிணற்றை நம்பி வாழ்ந்த பரம்பரையில் வந்த எனக்கு, அந்த ஒரு செய்தி மற்ற எல்லாவற்றையும்விட மனதில் தைத்தது. 1985இல் மாட்டுப் பண்ணையாக இருந்த நிலம் தேசியப் பூங்கா ஆனது, இப்போது அந்த மக்களும் சேர்ந்துதான் அதை நிர்வகிக்கிறார்கள். 2009இல் தேசிய மரபுரிமைப் பட்டியலிலும் சேர்த்தார்கள்.

தந்திக்கம்பி 1872இல் முடிந்தது. அந்தப் பாதை ஏன் அப்படி வளைந்து போகிறது என்று வரைபடத்தைப் பார்த்தால், ஊற்றில் இருந்து ஊற்றுக்குப் போகிறது. பின்னர் ஒட்டக வண்டிக்காரர்களும் அதே பாதை, நீராவி ரயிலும் அதே பக்கம். ரயில் 1891இல் ஊட்நடட்டாவுக்கும் 1929இல் அலிஸ் ஸ்பிரிங்சுக்கும் எட்டியது, 1980இல் அந்தப் பழைய பாதையை மூடினார்கள். நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டும், மனிதனுக்கும் மாட்டுக்கும் தண்ணீர் வேண்டும், அந்த வறண்ட நிலத்தில் தண்ணீர் தானாக மேலே வருகிற கோடு ஒன்றுதான் இருந்தது.

சரி, ஏன் தானாக மேலே வருகிறது?

அவுஸ்திரேலியாவின் நிலத்துக்குக் கீழே பேராற்றீசியன் வடிநிலம் (Great Artesian Basin) என்ற ஒன்று இருக்கிறது. பரப்பளவு 17 இலட்சம் சதுர கிலோமீற்றர், அதாவது எங்கள் முழு இலங்கையையும் இருபத்தைந்து தடவைக்கு மேல் உள்ளே வைக்கலாம். சில இடங்களில் 3000 மீற்றர் ஆழம். கீழே பெரிய ஏரியோ குகையோ இருப்பதாக நினைக்க வேண்டாம், அது மணற்கல். டைனோசர் காலத்து ஆறுகள் கொண்டுவந்து போட்ட மணல் இறுகிக் கல்லானது, ஆனால் மணல் துணிக்கைகளுக்கு இடையில் இடைவெளி இருக்கிறது, அந்த இடைவெளியில் தண்ணீர் நிற்கிறது. அதற்கு மேலே தண்ணீர் விடாத களிக்கல் படை மூடியிருக்கிறது. கிழக்கே குயின்ஸ்லாந்து மலைத்தொடரின் பக்கம் அந்த மணற்கல் வெளியில் தலைகாட்டுகிறது, அங்கே பெய்கிற மழையில் ஒரு பங்கு அதற்குள் இறங்கி, மூடின களிக்கல்லுக்குக் கீழே மேற்கு நோக்கி மெதுவாகப் போகிறது. மேற்கு விளிம்பிலும் ஆறுகள் ஓடுகிற அரிய நாட்களில் கொஞ்சம் இறங்குகிறது.

மொட்டை மாடியில் தண்ணித்தாங்கி வைத்த வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே குழாயைத் திறந்தால் தண்ணீர் பாய்கிறது, யாரும் பம்ப் அடிக்கவில்லை, தாங்கி உயரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். மலைப்பக்கம் உயரத்தில் இருக்கிற தண்ணீர்தான் தாங்கி, மணற்கல் படைதான் குழாய், டல்ஹவுசி மாதிரி நிலம் மடிந்து வெடித்த இடங்கள்தான் திறந்த வாய். டல்ஹவுசியில் பூமிப்படைகள் மேல்நோக்கி வளைந்து, அந்த வளைவில் பிளவுகள் விழுந்திருக்கின்றன. அடைபட்டு அழுத்தத்தில் இருந்த தண்ணீர் அந்தப் பிளவு வழியாக ஏறிவிடுகிறது.

சூடு? பூமிக்குள் இறங்க இறங்க, பொதுவாக ஒரு கிலோமீற்றருக்கு 25 முதல் 30 பாகை வரை வெப்பம் ஏறும். பூமி உருவான காலத்து வெப்பத்தின் மிச்சம் ஒரு பங்கு, பாறைகளில் உள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவை மெல்ல மெல்லச் சிதைவதால் வருகிற வெப்பம் இன்னொரு பங்கு. மத்திய அவுஸ்திரேலியாவின் அடியில் உள்ள கருங்கல் பாறைகளில் இந்த மூலகங்கள் அதிகம், மேலே களிக்கல் கம்பளி மாதிரிப் போர்த்தி நிற்கிறது, அதனால் பல இடங்களில் சூடு இன்னும் வேகமாக ஏறுகிறது. சிம்சனின் கிழக்குப் பக்கம் பேர்ட்ஸ்வில் என்ற ஊரில் 1280 மீற்றர் ஆழக் குழாய்க் கிணற்றில் இருந்து தண்ணீர் 98 பாகையில் வருகிறது, அந்தச் சூட்டை வைத்துப் பல ஆண்டுகள் ஒரு சிறிய மின்நிலையமே ஓடியது. ஆக, ஆழமும் காலமும் இருந்தால் போதும், எரிமலை தேவையில்லை.

எங்கள் கன்னியாவும் இதே கதைதான். திருகோணமலைக்குப் போகிறவர்கள் கட்டாயம் எட்டிப் பார்க்கிற அந்த ஏழு கிணறுகள், இராவணன் தன் தாயின் கிரியைக்காக உண்டாக்கினான் என்று சொல்கிற இடம், ஒவ்வொரு கிணற்றுக்கும் சூடு கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசம். இலங்கையில் எரிமலை கிடையாது. மகா ஓயா ஊற்று கன்னியாவைவிட நல்ல சூடு, அங்கேயும் எரிமலை கிடையாது. இலங்கையின் பழைய பாறைகளில் இரண்டு பெரிய தொகுதிகள் சந்திக்கிற எல்லையை ஒட்டித்தான் எங்கள் சுடுதண்ணி ஊற்றுகள் பெரும்பாலும் வரிசையாக இருக்கின்றன. மழைத்தண்ணீர் பாறைப் பிளவுகளுக்குள் ஆழ இறங்கிச் சூடேறி, இன்னொரு பிளவு வழியாகத் திரும்பி வருகிறது. டல்ஹவுசிக்கும் கன்னியாவுக்கும் வித்தியாசம், அங்கே மணற்கல்லுக்குள் ஒரு கண்டத்தின் கால்வாசிக்குக் கிட்ட விரிந்த சேமிப்பு, இங்கே பிளவுகளுக்குள் சின்ன ஓட்டம்.

கீரிமலையைப் பற்றிக் கேட்பீர்கள். கடலுக்குப் பக்கத்தில், ஒரு மதில் இடைவெளியில், உப்பில்லாத தண்ணீர் ஊறுகிறதே, அதுவும் தானாக வருவதுதானே? தானாக வருவதுதான், ஆனால் ஆழத்தில் இருந்து இல்லை. வலிகாமத்துச் செம்மண்ணில் விழுந்த மழை சுண்ணக்கல்லின் பொந்துகளுக்குள் இறங்கிக் கடலை நோக்கிப் போகிற வழியில் கரையில் வெளிப்படுகிறது. ஆழத்துக்குப் போகாததால் சூடேறுவதில்லை. சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லியின் நோயைத் தீர்த்த தண்ணீர் என்று நாங்கள் நம்புவது அதன் குளிர்ச்சியோடு சேர்த்துத்தான்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனித்தான். பேராற்றீசியன் வடிநிலத்துக்குள் தண்ணீர் நகர்கிற வேகம் ஆண்டுக்கு 1 முதல் 5 மீற்றர். யாழ்ப்பாண நகரத்தில் இருந்து பருத்தித்துறைக்கு 750 பஸ்ஸில் ஏறினால் சுமார் 33 கிலோமீற்றர். ஆண்டுக்கு 5 மீற்றர் வீதம் அந்தத் தண்ணீர் அந்தத் தூரத்தைக் கடக்க 6,600 ஆண்டுகள். 1 மீற்றர் வீதம் என்றால் 33,000 ஆண்டுகள். வடிநிலத்தின் நடுப்பகுதித் தண்ணீரில் சிலதின் வயது பத்து இலட்சம் ஆண்டுகளையும் தாண்டுகிறது. மனிதன் என்ற இனமே இல்லாத காலத்தில் பெய்த மழை. அதைத்தான் 1878இல் பேர்க் என்ற ஊருக்கு அப்பால் முதல் தடவையாகக் குழாய் இறக்கி எடுத்தார்கள், தண்ணீர் தானாகப் பீறிட்டது, பிறகு ஆயிரக்கணக்கில் குழாய்கள். அவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் திருகு கூட இல்லை. இரவும் பகலும் பாய்ந்து, திறந்த மண் வாய்க்கால்களில் பல கிலோமீற்றர் ஓடி, மாடு குடித்தது போக மிச்சம் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் வெயிலில் ஆவியாகியும் மண்ணுக்குள் ஊறியும் போனது. நூறு வருடமாக இப்படி.

என்ன நடக்கும்? மாடித் தாங்கி உதாரணத்துக்குத் திரும்பிப் பாருங்கள். கீழ்வீட்டில் எல்லாக் குழாயையும் திறந்துவிட்டால் மேல்மாடிக் குழாயில் தண்ணீர் நூலாகிவிடும். தாங்கியில் தண்ணீர் தீரவில்லை, அழுத்தம்தான் தீர்ந்தது. அவுஸ்திரேலியாவில் பல ஊற்றுகள் இப்படித்தான் வற்றின, அடியில் கடலளவு தண்ணீர் இருக்கும்போதே வற்றின. அந்த ஊற்றில் மட்டும் வாழ்ந்த சின்னச் சின்ன உயிர்களும் அதோடு போயின. 1999இல் மத்திய, மாநில அரசுகளும் பண்ணைக்காரர்களும் செலவைப் பங்கிட்டு, குழாய்களுக்கு மூடி போட்டு, வாய்க்காலுக்குப் பதிலாகப் பைப் இறக்கும் திட்டத்தைத் தொடங்கினார்கள். சில இடங்களில் அழுத்தம் திரும்பி ஏறியிருக்கிறது. எனக்கு அந்தப் பயணத்தில் கிடைத்த மிகப்பெரிய ஆறுதல் இந்தச் செய்திதான், கெடுத்ததைத் திருத்தவும் வழி இருக்கிறது என்று.

டல்ஹவுசி தப்பியிருக்கிறது. தப்பியதால் என்ன மிச்சம் என்றால், மீன்கள். தண்ணீரில் அசையாமல் இருந்தால் விரல் நீளம் கூட இல்லாத மீன்கள் வந்து காலைக் கொத்தும். நோகாது, கூச்சம் மட்டும்தான். அந்தக் குளத்தில் உள்ள கெழுத்தி வகை ஒன்று, கோபி என்கிற சிறிய அடித்தள மீன் ஒன்று, இன்னும் சில, உலகத்தில் வேறெங்கும் கிடையாது. சுற்றிலும் பல நூறு கிலோமீற்றருக்குக் கல்லும் மணலும் மட்டுமே, இவை எங்கே போகும்? முன்னொரு காலத்தில் அந்த நிலத்தில் ஆறுகள் ஓடின, நிலம் காய்ந்தபோது இங்கே ஒதுங்கினவை இங்கேயே இந்தச் சூட்டுக்குப் பழகி வேறு இனமாகிவிட்டன. அதனால்தான் சவர்க்காரம் போடாதே, வெயிலுக்குப் பூசுகிற கிறீமோடு இறங்காதே என்கிறார்கள். மச்சான் முதல் நாளே எல்லாருடைய பையையும் கிளறிச் சம்பூப் போத்தலை எடுத்து வாகனத்துக்குள் பூட்டிவிட்டார்.

அங்கே பழைய பண்ணை வீடு ஒன்று இடிந்து நிற்கிறது, அதைச் சுற்றி ஈச்ச மரங்கள். பார்த்ததும் பனங்கூடல் மாதிரி மனம் குளிர்ந்தது. ஆனால் அந்தப் பேரீச்சை வெளியில் இருந்து கொண்டுவந்து நட்டது, விதை பரவி ஊற்று வாய்களை மூடி, தண்ணீரையும் உறிஞ்சியதால் பூங்காக்காரர்கள் ஊற்றுப் பக்கம் இருந்தவற்றை வெட்டி அகற்ற வேண்டி வந்தது. மாடுகளை வெளியேற்றினதும் நாணல் பெருகித் திறந்த தண்ணீரை மறைத்தது இன்னொரு பிரச்சினை. அந்தப் பழங்குடி மக்கள் முன்பு நாணலை அளவாக எரித்து வந்திருக்கிறார்கள். ஒரு ஊற்றைச் சும்மா விட்டுவிட்டால் அது காப்பாற்றப்பட்டுவிடும் என்று நான் நினைத்திருந்தது தவறு.

குளிக்கப் போகிறவர்களுக்கு ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். இளஞ்சூடான நன்னீரில் நெக்லேரியா பௌலேரி என்ற அமீபா வாழக்கூடும். கேரளத்தில் சிலரைப் பலிகொண்ட மூளைக் காய்ச்சல் பற்றிய செய்திகளில் படித்திருப்பீர்கள், அதுதான். அதை 1965இல் முதலில் விவரித்தவர்கள் அடிலெயிட்டில் இருந்த பௌலரும் காட்டரும். நோய் மிக மிக அரிது, ஆனால் வந்தால் பிழைப்பது கடினம். குடித்தால் வராது, மூக்குக்குள் தண்ணீர் ஏறினால்தான் வரும். ஆகவே எந்தச் சுடுதண்ணி ஊற்றிலும் தலையை அமிழ்த்தக் கூடாது, பாயக் கூடாது, பிள்ளைகள் ஒருவர் முகத்தில் ஒருவர் தண்ணீர் அடிக்க விடக் கூடாது. முழுக்குப் போடாமல் குளித்த மாதிரியே இல்லை என்கிற ஊர் எங்களுடையது, எனக்கும் கை துடித்தது, கழுத்து மட்டத்தோடு நிறுத்திக்கொண்டேன். இன்னொன்று, உடம்புச் சூட்டிலேயே இருக்கிற தண்ணீரில் நேரம் போவது தெரியாது, வெளியே வரும்போது தலை சுற்றும், வயதானவர்களும் இதய நோய்க்காரரும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஏறிவிடுவது நல்லது. பொழுதுபட்டால் நுளம்பு மொய்க்கும்.

இனி எங்கள் பக்கம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடுகிற ஆறு இல்லை, வழுக்கையாறு மாரியோடு சரி. எங்களுக்கு உள்ளது சுண்ணக்கல்லுக்குள் நிற்கிற மழைத்தண்ணீர் மட்டும், அதுவும் அடியில் உள்ள கடல்தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டு நிற்கிறது. நன்னீர் உப்புநீரைவிடப் பாரம் குறைவு என்பதால் இது சாத்தியம். கணக்கு எளியது: கடல்மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் நன்னீர் நின்றால் அதற்குக் கீழே சுமார் 40 மீற்றர் நன்னீர் தங்கும். அதே கணக்கைத் திருப்பிப் போட்டால் வயிறு கலங்குகிறது, மேலே 1 மீற்றர் இறங்கினால் கீழே இருந்து சவர் 40 மீற்றர் ஏறப் பார்க்கும். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உப்புத் தண்ணீரும் இருப்பதை எல்லாரும் கேள்விப்பட்டிருப்போம், அதிசயம் என்று சுற்றுலாக்காரருக்குக் காட்டுகிறோம், எங்கள் ஒவ்வொரு வீட்டுக் கிணற்றுக்கும் கீழே அதே அதிசயம்தான் காத்திருக்கிறது.

துலாவால் இறைத்த காலத்தில் ஒரு மனிதனின் உடம்பால் இயன்ற அளவுதான் எடுக்க முடிந்தது. மிசின் வந்தது, பிறகு வீட்டுக்கு வீடு குழாய்க் கிணறு. எங்கள் ஒழுங்கையிலேயே, நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது குடிக்க எடுத்த இரண்டு கிணறுகள் இப்போது சவராகிவிட்டன. யாரும் கெடுக்க நினைத்துச் செய்யவில்லை, பக்கத்துக் காணியில் எவ்வளவு இழுக்கிறார்கள் என்பது தன் கிணற்றோடு சம்பந்தப்பட்டது என்று யாருக்கும் தோன்றவில்லை. குயின்ஸ்லாந்தில் மூடாமல் விட்ட குழாய்க்கும் எங்கேயோ தூரத்தில் வற்றின ஊற்றுக்கும் உள்ள அதே சம்பந்தம். அவர்கள் அதைக் கண்டுபிடித்து மூடி போடத் தொடங்க நூறு வருடத்துக்கும் மேல் எடுத்தது, அவர்களுடைய சேமிப்புப் பெரியது, தாங்கியது. எங்களுடையது சில பத்து மீற்றர் தடிப்பு. அவ்வளவு காலம் எங்களுக்குக் கிடையாது.

திரும்பி வந்ததும் ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டு, கல்லுக் கட்டி, ஒவ்வொரு அமாவாசைக்கும் எங்கள் கிணற்றின் தண்ணீர் மட்டத்தை அளந்து கொப்பியில் எழுதி வருகிறேன். கார்த்திகை மழைக்குப் பிறகு கிணற்றுக்கட்டின் விளிம்பில் இருந்து எட்டு அடியில் நின்றது, ஆவணியில் பதினாறு அடிக்குப் போனது. எதிர்வீட்டு அண்ணையும் போன மாதம் முதல் தன் கிணற்றை அளக்கத் தொடங்கியிருக்கிறார்.